பதினொரு பேர் நடக்கும் சந்து

காலை எட்டு மணிக்குள் பெரியவன் மூன்று பேரைத் திட்டி முடித்திருந்தான். நான்காவதாக யார் கிடைப்பார்கள் என்று தன் சலவை நிலையம் முழுக்கப் பார்வையை ஓட்டியபோது, அவன் மனைவி வேனின் பின்கதவைப் படாரென்று சாத்தினாள்.

"என்னையும் திட்டணுமா? சீக்கிரம் திட்டிடுங்க. ஒன்பது மணிக்கு ரெண்டு ஓட்டலுக்கும் விரிப்பு போய்ச் சேரணும்."

"உன்னை யாரு இப்போ திட்டினா?"

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, வரிசையில அடுத்தது நான்தான்னு."

அந்த நிலையத்தின் வேனை ஓட்டுவது அவள்தான். பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறாள். வேனின் கியர் எங்கே முரண்டு பிடிக்கும், கணவன் எங்கே முரண்டு பிடிப்பான் என்பது இரண்டும் அவளுக்கு அத்துப்படி.

"மத்தியானம் மூணு மணிக்கு அதிகாரி வர்றாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசாம இருந்தீங்கன்னா எல்லாருக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

கோபத்துக்குக் காரணம் போன வாரம் வந்த உறை.

நிலையத்தின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு பொதுவழிச் சந்து ஓடுகிறது. அதை மூடித் தனக்குக் குத்தகைக்குத் தரும்படி நகராட்சியில் விண்ணப்பித்திருந்தான் பெரியவன். அங்கே புதிதாக ஓர் உலர்த்தும் கூடம் கட்டினால்தான் பெரிய ஆஸ்பத்திரியின் துணிகள் எல்லாம் அவனுக்கு வரும். வந்தால்தான் நிலையத்தில் இருக்கும் பதினான்கு பேரில் யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் காலம் தள்ள முடியும். யாருமே நடக்காத சந்துதானே, யார் குறுக்கே நிற்கப்போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் ஒரே ஓர் ஆட்சேபணைக் கடிதம் வந்தது. அதன் கீழே இருந்த கையெழுத்து அவனுடைய தங்கையுடையது.

நான்கு வருஷமாக அவனோடு பேசாத தங்கை. சரியாகச் சொன்னால், அவன் பேசாத தங்கை.

அப்பாவுக்குத் திடீரென்று நெஞ்சில் ஆபரேஷன் செய்யவேண்டி வந்தபோது பெரியவன் துவைக்கும் மெஷின் வாங்க வெளியூர் போயிருந்தான். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டவள் தங்கை. அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், "கையெழுத்துப் போட்டே அப்பாவைக் கொன்னுட்டியே!" என்று கத்தினான். அதுதான் இருவருக்கும் இடையே நடந்த கடைசிப் பேச்சு.

இப்போது மறுபடியும் ஒரு கையெழுத்து.

"பழி வாங்குறா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, நகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினான் பெரியவன். விண்ணப்பதாரர் என்ற முறையில் கோப்பைப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு.

அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனநிலையில் இருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

"கவலையே படாதீங்க சார். உங்க கேஸ் உறுதியா இருக்கு. ஏழு நாள், காலையில ஆறு மணியிலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் ஆள் போட்டு எண்ணியிருக்கோம். மொத்தமே பதினொரு பேர்தான் நடந்திருக்காங்க. போனவங்களே திரும்பத் திரும்பப் போறாங்க."

"அந்த ஆட்சேபணை?"

குமாஸ்தா சிரித்தார். "அதுவா? 'இந்தச் சந்தை நான் தினமும் பயன்படுத்துகிறேன்'னு எழுதியிருக்காங்க. ஏழு நாளும் அவங்க வயசுல ஒரு பெண் கூட அந்தப் பக்கம் வரலை. சுத்தப் பொய். அதிகாரி ஒரே நிமிஷத்துல தள்ளிடுவாங்க."

பெரியவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பொய்! எழுத்தில் போட்டு மாட்டிக்கொண்டாள்! அந்தக் குஷியில், எண்ணிக்கைத் தாளைச் சும்மா ஒரு தடவை படித்துப் பார்க்கலாமே என்று வாங்கினான்.

எண்ணியவர் யாரோ தெரியவில்லை, பொறுப்பான ஆள். ஒவ்வொருவரையும் அடையாளம் சொல்லிக் குறித்திருந்தார். தபால்காரர். பள்ளிக்கூடப் பை சுமந்த அக்கா தங்கை. கைத்தடியோடு மெல்ல நடக்கும் ஒருவர். ஆறாவது குறிப்பில் பெரியவன் நின்றுவிட்டான்.

'பெண். அறுபதைத் தாண்டியவர். தினமும் பதினொன்றே காலுக்குப் போகிறார், பன்னிரண்டரைக்குத் திரும்புகிறார். கழுத்தில் தையல் அளவு நாடா. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். உடைந்த கல் அருகே நின்று மூச்சு வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்.'

சலவை நிலையத்தின் பின்னறையில் கிழிந்த விரிப்புகளைத் தைத்துச் சரிசெய்வது அவனுடைய அம்மா. கழுத்து நாடாவைக் கழற்றாமலே சாப்பிட உட்காருவாள், தூங்கக்கூடப் போய்விடுவாள். அவனே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறான். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று தினமும் கிளம்பிப் போகும்போது, பூங்காவைச் சுற்றத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தான்.

சந்தின் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யோசிக்க அவனுக்கு அரை நொடிகூட ஆகவில்லை. அங்கேதான் தங்கையின் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது.

"என்ன சார், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் குமாஸ்தா.

"ஒண்ணுமில்லை. ஃபேன் காத்து."

நிலையத்துக்குத் திரும்பியபோது மணி பதினொன்றரை. பின்னறையில் தையல் மெஷின் முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. ஓட்டல்களுக்குப் போய்விட்டு வந்த மனைவி, அழுக்குத் துணி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்க போறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

மூட்டையைக் கீழே வைத்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. வேண்டாம் என்று முடிவு செய்ததும் தெரிந்தது.

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் வாயைத் திறந்தான். என்ன பண்ணியிருப்பான் என்று அவனுக்கே நன்றாகத் தெரிந்ததால் மூடிக்கொண்டான்.

இஸ்திரி மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "மழை பெஞ்சா சந்துல தண்ணி நிக்கும் முதலாளி. அம்மா நடக்கிறதுக்கு நாங்கதான் செங்கல் அடுக்கி வைப்போம்."

"உங்களுக்கும் தெரியுமா?"

மெஷின் ஓட்டுபவர், மடிப்பு மேஜையில் இருந்த இரண்டு பெண்கள், கணக்கு எழுதுபவர் எல்லோரும் திடீரென்று தங்கள் வேலையில் மிகவும் மும்முரமானார்கள்.

"அப்போ இந்த இடத்துல முட்டாள் நான் ஒருத்தன்தானா?"

யாரும் பதில் சொல்லவில்லை. மரியாதைக்காகத்தான்.

"சந்தை மூடிட்டா அம்மா எப்படிப் போவாங்கன்னு யோசிச்சீங்களா?" என்றாள் மனைவி மெதுவாக. "கிடங்கு வளாகத்தைச் சுத்திக்கிட்டு, லாரி போற ரோட்டுல அரை மணி நேரம் நடக்கணும். அவங்க முட்டிக்கு அது முடியுமா? நேத்து கேட்டேன். 'மூடட்டும்மா, என் பிள்ளையோட தொழில் முக்கியம்'னு சொல்லிட்டுத் தைக்க உட்கார்ந்துட்டாங்க."

பெரியவன் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு சந்துக்குள் இறங்கினான்.

பல வருஷமாக அவன் அங்கே காலே வைத்ததில்லை. வரைபடத்தில் பன்னிரண்டு அடி அகலக் கோடாக மட்டுமே பார்த்திருந்தான். இரண்டு பக்கமும் உயரமான சுவர். முட்செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. நூறு அடி போனதும் உடைந்த கல் வந்தது. எதனால் உடைந்தது என்று குனிந்து பார்த்தான். மேலே சுவரிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சோப்பு நாற்றத்தோடு வெந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய குழாய். அவனுடைய மெஷினின் தண்ணீர். அதில் ஊறி ஊறித்தான் கல்லின் அடிமண் கரைந்திருந்தது.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் அம்மா நின்று மூச்சு வாங்குகிறாள்.

"கொஞ்சம் ஒதுங்குறீங்களா தம்பி? நான் நின்னுட்டா மறுபடி கிளம்புறது கஷ்டம்."

கைத்தடியோடு ஒருவர் வந்துகொண்டிருந்தார். பஸ் டிரைவராக இருந்தவராம். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்தவர், எட்டு மாதமாக மறுபடி நடக்கப் பழகுகிறார்.

"ரோட்டுல ஏன் நடக்கலைங்க?" என்று கேட்டான் பெரியவன்.

"ரோட்டுல விழுந்தா எழுந்திருக்க நேரம் கொடுக்க மாட்டாங்க. நானே கொடுத்ததில்லையே!" என்று சிரித்தார். "இங்க ஹார்ன் சத்தம் கிடையாது. முதல் மாசம் இந்தச் சுவர் வரைக்கும். இப்போ அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வர்றேன். ஏதோ மூடப்போறாங்களாமே?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"மூடச் சொன்னவர் கெட்டவரா இருக்க மாட்டாரு. ஒரு தடவை நடந்து பார்த்திருக்க மாட்டாரு, அவ்வளவுதான்."

பெரியவன் சுவரோரம் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டான்.

சந்தின் அந்தக் கோடியில் தெரு ஆரம்பிக்கும் இடத்தில் நின்றான். எதிரே கண்ணாடிக் கடை. உள்ளே அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தங்கை ஒரு பெரிய சிவப்பு பிரேமை அம்மாவின் மூக்கில் மாட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிக் காட்டினாள். அம்மா வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். உடம்பே குலுங்கும் சிரிப்பு. தன் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று அவன் யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை.

உள்ளே போகாமல் திரும்பிவிட்டான்.

சொன்னபடி மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். கண்டிப்பான முகமும் சேறு படிந்த காலணியும் கொண்ட அம்மையார். ஊரில் உள்ள பொதுவழிகள் எல்லாம் அவர் பொறுப்பு. சலவை நிலையத்தின் வாசலிலேயே ஒரு மேஜை போட்டு விசாரணை.

தங்கை சைக்கிளில் வந்து இறங்கினாள். பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள், நெற்றியெல்லாம் வியர்வை. சந்தின் வாய் அண்ணனின் சலவை நிலையக் கதவுக்கு நேரே என்பதால் நான்கு வருஷமாக அதில் அவள் நுழைந்ததே இல்லை. அண்ணி ஒரு செம்பு தண்ணீரை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, அண்ணனைப் பார்க்காமல் நின்றாள். பின்னறை ஜன்னலில் தையல் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

அதிகாரி கடிதத்தை எடுத்தார். "இந்தச் சந்தை தினமும் பயன்படுத்துறேன்னு எழுதியிருக்கீங்க. நீங்கதானே?"

"ஆமாங்க."

"எங்க ஆள் ஏழு நாள் உட்கார்ந்து எண்ணியிருக்காரு. ஒரு நாள் கூட உங்களைப் பார்க்கலை."

தங்கையின் பார்வை ஒரு நொடி ஜன்னல் பக்கம் போய், தரைக்கு வந்தது.

"தெரிஞ்சே தப்பான தகவல் கொடுத்தா ஆட்சேபணையைத் தள்ளிடுவேன். இதுக்கு என்ன சொல்றீங்க?"

"சொல்ல ஒண்ணுமில்லைங்க. நான் நடக்கலை. பொய்தான் எழுதினேன்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். இன்னும் ஒரு வரி எழுதினால் சந்து பெரியவனுக்கு. உலர்த்தும் கூடம், ஆஸ்பத்திரித் துணி, பதினான்கு பேரின் வேலை, எல்லாம் அந்தப் பேனா முனையில் இருந்தது. அவன் சும்மா நின்றால் போதும்.

"எழுதாதீங்க" என்றான்.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கையும்தான்.

"அதுல ஆறாவது குறிப்பைப் பாருங்க. கழுத்துல நாடா போட்டவங்க. அது எங்க அம்மா. தினமும் இவளைப் பார்க்கத்தான் நடக்கிறாங்க. அம்மா பேரை எழுதினா எனக்குத் தெரிஞ்சுடும்னு தன் பேரைப் போட்டிருக்கா. பொய் சொல்ல வெச்சது நான்தான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "சந்தை மூடச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தவர் நீங்கதானே?"

"நானேதான்."

"இப்போ நீங்க எந்தப் பக்கம்?"

இஸ்திரி மேஜைப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"இன்னைக்குத்தான் நடந்து பார்த்தேன். அதான் குழப்பம்" என்றான் பெரியவன். "சந்து பன்னிரண்டு அடி இருக்கு. நடக்கிறதுக்கு ஆறு அடி போதாதா? ஆறு அடியை விட்டுடறேன். கல்லை மாத்தி, செடியை வெட்டி, விளக்கும் போட்டுத் தர்றேன். மிச்சம் ஆறு அடியில கூடம் கட்டிக்கிறேன். மெஷினை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா இடம் பத்தும்."

"ஒண்ணு மேல ஒண்ணா?" என்றாள் மனைவி. "ரெண்டு வருஷமா நான் சொன்னப்போ காதுலயே போட்டுக்கலையே!"

"இப்போ போட்டுக்கிட்டேன்."

அதிகாரி இறங்கிப் போய்ச் சந்தை நடந்து பார்த்தார். உடைந்த கல்லையும், மேலே இருந்த குழாயையும் பார்த்தார். குழாயைப் பார்த்தபோது பெரியவனையும் ஒரு பார்வை பார்த்தார். திரும்பி வந்து சொன்னார்:

"மூடுற விண்ணப்பத்தை வாபஸ் எழுதிக் கொடுங்க. அகலத்தைக் குறைக்கிறதுக்குத் தனியா விண்ணப்பம் போடணும். அறிவிப்பு ஒட்டி முப்பது நாள் பார்க்கணும். கிடைக்கும்னு இப்பவே வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா இப்படி ஒரு யோசனையோட இதுவரைக்கும் யாரும் என்கிட்ட வந்ததில்லை. அந்தக் குழாயை மட்டும் இந்த வாரமே மாத்துங்க."

"முப்பது நாள் ஆஸ்பத்திரிக்காரங்க பொறுப்பாங்களா?" என்று மனைவி காதருகே கேட்டாள்.

"தெரியலை. நாளைக்கு நேர்ல போய்க் கேட்போம். நீயும் வா. என்னைவிட நீ நல்லாப் பேசுவே."

வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் நிமிர்ந்தபோது, தங்கை சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை என்ன பேசுவது? எத்தனையோ யோசித்தான். வாயில் வந்தது இதுதான்:

"டயர்ல காத்து இல்லை."

"தெரியும்" என்றாள் அவள்.

"அதை இங்க விடு. அடிச்சு வைக்கிறேன். சந்து வழியா நடந்து போ."

அவள் தயங்கினாள். அதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள். கழுத்தில் நாடா. முகத்தில் மட்டும் வழக்கமாக இல்லாத ஓர் இறுக்கம்.

"ரெண்டு பேரும் என்கூட வாங்க. கடைக்குப் போய் உட்கார்ந்து பேசணும்."

மூவரும் சந்துக்குள் நடந்தார்கள். உடைந்த கல்லருகே பெரியவன் அம்மாவின் ஒரு கையைப் பிடித்தான். இன்னொரு கையைத் தங்கை பிடித்தாள்.

கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டே முக்காலிகள்தான் இருந்தன. தங்கை நின்றுகொண்டாள். அம்மா ஒரு பெருமூச்சு விட்டு ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அந்தத் தாளை என்கிட்டதான் கொடுத்தாங்க."

"அம்மா, வேண்டாம்" என்றாள் தங்கை.

"நீ சும்மா இரு. என் கை நடுங்குச்சுடா. பேனாவை இவ கையில கொடுத்து 'நீ போடு'ன்னேன். 'அண்ணா வரட்டும்மா'ன்னா. ரெண்டு தடவை சொன்னா. நான்தான் கேட்கலை. நான் சொல்லித்தான் போட்டா."

பெரியவன் முக்காலியை அம்மா பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"நான் உண்மையைச் சொல்றேன்னு எத்தனையோ தடவை கிளம்பினேன். இவதான் தடுத்தா. 'நீ அவன் வீட்டுல இருக்கணும்மா, அவன் முகத்தைப் பார்த்துச் சாப்பிடணும், அந்தக் கோபம் என்மேலயே இருக்கட்டும்'னா."

கோபம் வரும் என்று பெரியவன் எதிர்பார்த்தான். வரவில்லை. எங்கேயோ ஒரு முடிச்சு தளர்வது போல மட்டும் இருந்தது. தங்கையைப் பார்த்தான். காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது?

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ கேட்கவே இல்லையே அண்ணா. கத்தினே. அவ்வளவுதான்."

உண்மைதான். அவன் கேட்டதே இல்லை.

"நான் உன்னை என்னென்னவோ சொல்லிட்டேன்."

"ஆமா. சொன்னே."

"அதையெல்லாம் திரும்ப எடுத்துக்க முடியுமா?"

அவள் யோசித்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் உதட்டோரத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "ஒரே நாள்ல முடியாது. நிறைய சொல்லியிருக்கே. வாரத்துக்கு ரெண்டு ரெண்டா எடுத்துக்கோ."

பெரியவன் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு எதுவாகவோ ஆனது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். தங்கை கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் இன்னும் முடிக்கலை. அண்ணா வரட்டும்னு இவ சொன்னப்போ நான் ஏன் கேட்கலைன்னு ரெண்டு பேருமே கேட்கலையே?"

"பதற்றத்துல இருந்திருப்பே" என்றாள் தங்கை.

"பதற்றம் இல்லைடி. அப்பாவுக்கு அப்போ நினைவு இருந்துச்சு. என்னைக் கிட்டக் கூப்பிட்டாரு. 'பெரியவன் வர்றதுக்குள்ள என்னை உள்ள கொண்டு போகச் சொல்லு. அவன் வந்துட்டா நான் இத்தனை வருஷம் மறைச்சதைச் சொல்லவேண்டி வரும்'னாரு."

தங்கையின் முகத்திலிருந்து அந்தக் குறும்பு மறைந்துபோனது. இது அவளுக்கும் புதிது.

நான்கு வருஷத்தில் முதல் முறையாக, அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"எதை?"